வில்லனுக்கும் பதினைந்து வயது இருந்தது: காமிக்ஸ் ஆரம்பக் கதை எழுத ஒரு முழு வழிகாட்டி

சூப்பர்மேனின் பரம எதிரி லெக்ஸ் லூதர் ஏன் வில்லன் ஆனான்? சூப்பர்பாயால், அதாவது சின்ன வயது சூப்பர்மேனால், தலைமுடி கொட்டிப்போச்சு, அந்தக் கோபம்தான். 1960-ல் வந்த கதையை இப்படி ஒரே வரியில் சொல்லிச் சிரிப்பது காமிக்ஸ் ரசிகர்களின் பழைய பொழுதுபோக்கு. நானும் சிரித்தவன்தான். அப்புறம் ஒருநாள் அந்த ‘அட்வென்ச்சர் காமிக்ஸ்’ 271-ஆம் இதழை உட்கார்ந்து படித்தேன்.

ஸ்மால்வில் ஊரில் லூதர் விஞ்ஞானக் கிறுக்குப் பிடித்த ஒரு பையன். பலத்தையெல்லாம் பறிக்கும் கிரிப்டனைட் கல்லிடம் மாட்டிக்கொண்ட சூப்பர்பாயைக் காப்பாற்றுகிறான். நன்றிக்கடனாக சூப்பர்பாய் அவனுக்கு ஒரு சோதனைக்கூடமே கட்டித் தருகிறான். அதில் லூதர் செயற்கையாக ஓர் உயிரை உருவாக்கிவிடுகிறான். தீப்பிடிக்கிறது. சூப்பர்பாய் மூச்சை ஊதி அணைக்க, ரசாயனங்கள் கவிழ்ந்து, அந்தப் புகையில் முடி போகிறது. கூடவே அந்த உயிரும் போகிறது. பொறாமையில் நண்பன் வேண்டுமென்றே செய்தான் என்று லூதர் முடிவு கட்டுகிறான்.

முடியை மட்டும் நாம் ஞாபகம் வைத்திருக்கிறோம். எழுதிய ஜெர்ரி சீகல், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். பதின்வயதுப் பையனுக்கு எது வலிக்கும் என்று தெரியாதவர் இல்லை. உயிரைப் படைத்த கையோடு வழுக்கைத் தலையாகப் பள்ளிக்கூடம் போகவேண்டிய நிலை, அதுவும் ஒரே நாளில். என் கணக்கில் அது சின்ன விஷயமே இல்லை. கதையில் குறை வேறு இடத்தில் இருக்கிறது. காயத்துக்கும் குற்றத்துக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. தீ அணைந்ததும் பையன் வில்லன். அவன் வேறு மாதிரியும் முடிவெடுத்திருக்கலாம் என்று வாசகன் நினைக்க ஒரு பேனல்கூட, ஒரு படக் கட்டம்கூட, மிச்சமில்லை.

அந்த ஒரு பேனலை எப்படி உண்டாக்குவது என்பதற்குத்தான் இந்த வழிகாட்டி. 22 பக்க இதழ் ஒன்றை எழுதப் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

படி 1: வளர்ந்த வில்லனை முதலில் முடியுங்கள்

வில்லனின் பால்யம் எப்போதும் பின்னால்தான் எழுதப்பட்டிருக்கிறது. லூதர் முதலில் தலைகாட்டியது 1940-ல், அதுவும் சிவப்புத் தலைமுடியோடு. சிறுவயதுக் கதை வர இருபது வருடம் ஆனது. உலோகத்தை ஆட்டிவைக்கும் மேக்னீட்டோ 1963-ல் ‘எக்ஸ்-மென்’ முதல் இதழிலேயே வந்துவிட்டான், கடந்த காலம் என்று ஒன்று இல்லாமலே. மார்வெல் காமிக்ஸின் பெரிய வில்லன் தானோஸ் 1973-ல் வந்தான். அவன் பிறப்பையும் விடலைப் பருவத்தையும் விலாவாரியாகச் சொன்ன ஐந்து இதழ்த் தொடர் வந்தது 2013-ல். ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ குழுவின் எதிரியான, இரும்பு முகமூடி போட்ட டாக்டர் டூம் மட்டும் அவசரக்காரன்: 1962-ல் வந்து 1964-லேயே தன் கதையைச் சொல்லிவிட்டான்.

ஆகவே, பெரியவன் ஆனபின் அவன் என்ன செய்வான், எப்படிப் பேசுவான், எதைக் கண்டால் ஒரு நொடி தயங்குவான் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். தயக்கத்துக்குப் பின்னால்தான் பதினைந்து வயது ஒளிந்திருக்கிறது.

உதாரணத்துக்கு நான் எழுதிப் பார்த்த ஒரு வில்லனையே எடுத்துக்கொள்கிறேன். பெயர் ‘நகல்’. எவருடைய கையெழுத்தையும், குரலையும், நடையையும் அப்படியே கொண்டுவருவான். ஊரையே ஏமாற்றுவான். ஆனால் வயதானவர் யாராவது தன் கையெழுத்தையே உற்றுப் பார்த்தால் அவனால் அங்கே நிற்க முடியாது. ஏன் என்று எனக்கே அப்போது தெரியாது.

இன்னொன்றையும் இங்கேயே கேட்டுவிடுங்கள்: உங்கள் வில்லனுக்கு ஆரம்பக் கதை அவசியம்தானா? சிவகாசி லயன் காமிக்ஸில் ஸ்பைடரை (ஸ்பைடர்மேன் அல்ல, இவன் வேறு) படித்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும். 1965-ல் பிரிட்டிஷ் வார இதழில் குற்றவாளிகளின் ராஜாவாக வந்தவன் அவன். கூரிய காதும் அந்தத் திமிரும் போதும். அவன் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தான் என்று எண்பதுகளில் எந்தப் பையனும் கவலைப்பட்டதில்லை. அவனுக்கும் பல கதைகள் எழுதியவர் அதே ஜெர்ரி சீகல்தான். லூதருக்குப் பால்யம் கொடுத்த கை, ஸ்பைடரின் பால்யத்தைத் தொடாமல் விட்டுவிட்டது. மர்மம்தான் அழகு என்றால் மர்மத்தோடு விட்டுவிடுங்கள், இந்த வழிகாட்டியை மூடிவைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள்.

படி 2: ஏற்கெனவே சொன்னதைப் பட்டியல் போடுங்கள்

உங்கள் வில்லன் பற்றி முந்தைய கதைகளில் வந்த எல்லாத் தகவலையும் எழுதி, எதை மாற்றவே முடியாது, எதை ‘அவன் சொன்ன பொய்’ என்று தள்ளலாம் எனப் பிரியுங்கள். மேக்னீட்டோவை வாசகர்கள் பல வருடம் எரிக் லென்ஷர் என்ற பெயரில்தான் அறிந்திருந்தார்கள். பிறகு அதைப் போலி அடையாளம் ஆக்கினார்கள், 2008-ல் மாக்ஸ் ஐசன்ஹார்ட் என்ற பெயர் வந்தது. பொய் சொல்வது வில்லனுக்கு இயல்பு என்பதால் எழுத்தாளனுக்கு இது பெரிய வசதி. அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: காயத்தைத் தேடாதீர்கள், திறமையைத் தேடுங்கள்

புதிதாக எழுதுகிறவர்கள் நேரே காயத்துக்குப் போவார்கள். அப்பா அடித்தார், அம்மா செத்தாள், பள்ளியில் கேலி செய்தார்கள். இது எல்லாம் நடந்த லட்சம் பேர் காலையில் எழுந்து வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். காயம் யாருக்கும் பொது. இவனுக்கே உரியது இவன் கைவசம் இருக்கும் வித்தை.

டூமைப் பாருங்கள். சின்ன வயதிலேயே தாயை இழந்தவன். வைத்தியரான தகப்பன், பிரபுவின் ஆட்களிடமிருந்து மகனைக் காப்பாற்றப் பனியில் ஓடி, குளிரில் உயிரை விடுகிறார். இதற்குமேல் காயம் வேண்டுமா? ஆனால் அவனை டூம் ஆக்கியது இது அல்ல என்றே நினைக்கிறேன். கல்லூரியில், பின்னாளில் அவன் எதிரியாகும் நாயகன் ரீட் ரிச்சர்ட்ஸ் அவன் கணக்கைப் பார்த்துவிட்டு, இதில் பிழை இருக்கிறது என்கிறான். டூமுக்குத் தன் மூளை மேல் அத்தனை நம்பிக்கை, கேட்கவில்லை. இயந்திரம் வெடித்து முகம் போகிறது. ஓவியர் ஜாக் கிர்பியின் எண்ணத்தில் அந்த முகத்தில் இருந்தது ஒரு சிறு தழும்பு மட்டுமே என்று சொல்வார்கள். சின்னத் தழும்பைத் தாங்கமுடியாமல் இரும்பு முகமூடி போட்டுக்கொண்டவன் என்றால், அவன் எப்பேர்ப்பட்டவன் என்று வேறு விளக்கமே தேவையில்லை.

நகலுக்கு வருவோம். பதினைந்து வயதில் அவன் பெயர் துரை. பார்த்ததை அப்படியே வரையும் கை. முதல் கள்ளக் கையெழுத்து எதற்கு? பணத்துக்கு என்று எழுதினால் முதல் பக்கத்திலேயே அவன் திருடன், கதை முடிந்தது. அதனால் ரேங்க் கார்டு. அவனுடையது அல்ல, பாபுவுடையது. கணக்கில் பெயில் ஆன பாபுவை அவன் அப்பா பெல்ட்டால் அடிப்பார். துரை கார்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு, பாபு அப்பாவின் கையெழுத்தைப் படமாக வரைகிறான். தலைகீழாக வைத்தால் எழுத்தாகத் தெரியாது, கோடாகத்தான் தெரியும். கை தன் பழக்கத்துக்கு இழுக்காது. நண்பனின் முதுகு தப்பிக்கிறது.

வில்லனின் முதல் குற்றம் முடிந்தவரை நல்ல காரியமாக இருக்கட்டும். அதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

படி 4: ஆண்டைப் பூட்டுங்கள்

‘ஒரு ஊரில் ஒரு பையன்’ வேலைக்கு ஆகாது. இந்த விஷயத்தில் படிக்கவேண்டிய பாடம், மேக்னீட்டோவின் சிறுவயதைச் சொல்லும் 2008-09-ல் வந்த ஐந்து இதழ்த் தொடர். எழுத்து கிரெக் பாக், ஓவியம் கார்மைன் டி ஜியான்டொமெனிக்கோ.

மேக்னீட்டோ ஆஷ்விட்ஸ் முகாமில் வளர்ந்தவன் என்பதை முதலில் சொன்னவர் கிறிஸ் கிளேர்மாண்ட், 1981-ல். அதுவரை 18 வருடம் அவன் வெறும் ‘உலகை ஆளப்போகிறேன்’ ஆசாமி. கிளேர்மாண்ட் சில பேனல்களில் சொன்னதை பாக் ஐந்து இதழாக விரித்தார். எப்படி விரித்தார் என்று பாருங்கள். கதை 1935-ல் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் தொடங்குகிறது. யூதர்களின் குடியுரிமையைப் பறித்த சட்டங்கள் அதே நகரின் பெயரில் அந்த ஆண்டு செப்டம்பரில்தான் வந்தன. மாக்ஸ் பள்ளிப் பையன். அப்பா முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகச் சண்டை போட்டவர். அதனால் தங்களை ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று நம்புகிறவர். பள்ளி விளையாட்டில் மாக்ஸ் ஈட்டி எறிந்து ஜெயிக்கிறான். யூதப் பையன் ஜெயித்ததே குற்றமாகிறது. மாக்டா என்ற ரோமா இனத்துப் பெண்மேல் அவனுக்கு ஆசை.

பிறகு 1938 நவம்பரில் யூதர் கடைகளும் வழிபாட்டு இடங்களும் நொறுக்கப்பட்ட இரவு. போலந்துக்கு ஓட்டம். யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோ. ஆஷ்விட்ஸ். கடைசியில், விஷவாயு அறைகளில் பிணம் அகற்றும் வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்ட கைதிகள் 1944 அக்டோபர் 7 அன்று செய்த கலகம். எழுத்தாளர் திருப்பங்களைக் கற்பனை செய்யவே இல்லை. வரலாறு ஒவ்வொரு கதவாக மூடுகிறது, பையன் மிச்சமிருக்கும் கதவை நோக்கி ஓடுகிறான். மாக்ஸுக்கு 1935-ல் என்ன தெரியும், 1938-ல் என்ன தெரியும் என்பதற்கு மேல் ஒரு வரிகூட அவன் பேசமாட்டான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. உண்மையான பேரழிவைப் பின்னணியாக எடுத்தால் முதல் மரியாதை செத்தவர்களுக்கு. உங்கள் வில்லன் அப்புறம்தான். மேக்னீட்டோ தொடரில் மாக்ஸ் தான் கண்டதை எழுதிப் புதைத்து வைக்கிறான். நிஜத்திலும் அப்படி நடந்தது: ஸல்மன் கிராடோவ்ஸ்கி என்ற கைதி அங்கே எழுதிப் புதைத்த குறிப்புகள் 1945-ல் தோண்டி எடுக்கப்பட்டன. ஒரு காமிக்ஸ் நாயகனுக்கு அந்தச் செயலைக் கொடுக்கும்போது எத்தனை கவனம் வேண்டும்! அந்தக் கவனத்துக்கு நேரமில்லாதவர்கள் கற்பனை ஊரில் கற்பனைச் சண்டையை வைத்துக்கொள்வது நல்லது. ஈழப்போரையோ பிரிவினையையோ மூன்று பேனலில் தொட்டுவிட்டு, ‘அதனால்தான் இவன் இப்படி’ என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

நகல் அந்தளவுக்குப் போகவில்லை. 1991, ஒரு சிறு டவுன், கூட்டுறவு சங்கம், வீட்டில் கடன். ஜெராக்ஸ் கடை ஊருக்கு அப்போதுதான் வந்திருக்கிறது. போதும்.

படி 5: பெரியவர்களில் ஒருவரை மட்டும் முழுசாக எழுதுங்கள்

அம்மா, அப்பா, வாத்தியார், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாருக்கும் 22 பக்கத்தில் இடமில்லை. பையனின் வித்தையைக் கண்டுகொள்கிற முதல் பெரியவர் யார் என்று முடிவு செய்யுங்கள். மற்றவர்கள் முதுகு காட்டி நடந்தால் போதும். துரை கதையில் அது அவன் அப்பா.

படி 6: அந்த ஒரு பேனல்

இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். பையன் இந்தப் பக்கமும் போகலாம், அந்தப் பக்கமும் போகலாம் என்ற ஒரு நிமிடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று நிபந்தனைகள். இரண்டாவது வழி நிஜமாகவே திறந்திருக்க வேண்டும். அது பையனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவன் எடுக்கும் முடிவு, கையளவுச் செயலாகக் கண்ணுக்குத் தெரியவேண்டும். மனப்போராட்டத்தை வசனத்தில் எழுதினால் காமிக்ஸ் செத்துவிடும்.

முன்பு சொன்ன 2013 தானோஸ் தொடரை எழுதிய ஜேசன் ஏரன் இதை வேறு தந்திரத்தால் செய்கிறார். பையனை ஒரு பெண் ஒவ்வொரு கொலைக்கும் மெல்லத் தள்ளிக்கொண்டே வருகிறாள். அவள் மரண தேவதையா, அவன் மனப்பிராந்தியா என்று வாசகனுக்கே சந்தேகம் வரும். கெட்டிக்காரத்தனம்தான். ஆனாலும் தள்ள ஒரு ஆள் இருக்கும்போது விழுகிறவன் பொறுப்பு கொஞ்சம் குறைந்துபோகிறது. பிறந்த உடனே தாயே அவனைக் கொல்லப் பார்க்கிறாள் வேறு. பாவம், தப்பிக்க வழியே வைக்கவில்லை.

துரை கதையில் நான் வைத்தது இது. அப்பா கூட்டுறவு சங்கத்தில் கடன் கேட்டிருக்கிறார். ஜாமீன் போட பெரியப்பா மறுத்துவிட்டார். அப்பா படிவத்தைப் பையன் முன்னால் வைக்கிறார்: “பெரியப்பா கையெழுத்து எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியும்ல?” பெரியப்பா கையெழுத்துப் போட்டால் கடைசியில் கீழே இரண்டு புள்ளி வைப்பார். அது சங்கத்து கிளார்க்குக்கும் தெரியும், துரைக்கும் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. புள்ளி வைக்காமல் விட்டால் கிளார்க் பிடித்துவிடுவார், கடன் கிடைக்காது, பெரியப்பா தப்பிப்பார், அப்பாவுக்கும் மகன் ஏமாற்றினான் என்று தெரியவராது. கதவு திறந்தே இருக்கிறது. மையின் ஈரம் காயாத கையெழுத்து, அதன் மேலே நிற்கும் பேனா முனை, ஒரு பேனல். அடுத்த பேனலில் இரண்டு புள்ளி.

ஏன் வைத்தான்? அப்பாவுக்காகவா, கையெழுத்து அரைகுறையாக நிற்பதை அந்தக் கை பொறுக்கவில்லையா? நான் எழுதவில்லை.

படி 7: சக்தியையும் முகமூடியையும் பெட்டியில் வையுங்கள்

மேக்னீட்டோ தொடரில் காந்த சக்தி பகிரங்கமாக எங்கும் வெடிப்பதில்லை. ஈட்டி இரும்பு என்பதை ரசிகன் தானே கவனித்து முதுகு சிலிர்த்துக்கொள்கிறான். அவ்வளவுதான். எதிர்காலத்தைக் காட்டிக் கண்ணடிக்கும் வேலை, அதாவது பின்னாளில் மேக்னீட்டோ அணியப்போவது போன்ற சிவப்பு ஹெல்மெட் ஒன்றைப் பையன் பார்த்துக்கொண்டே நிற்பது மாதிரிக் காட்சிகள், ஒன்றுக்கு மேல் வைத்தால் கதை விளம்பரமாகிவிடும்.

படி 8: பக்கம் பிரிப்பது

22 சதுரம் வரைந்து ஒவ்வொன்றிலும் ஒரே வரியில் நடப்பதை எழுதுங்கள். அச்சுப் புத்தகத்தில் ஒற்றைப்படைப் பக்கம் வலது கையில் வரும். கேள்வியை வலது பக்கத்தின் கடைசி பேனலில் வையுங்கள். பதில் தாளைத் திருப்பினால் கிடைக்கும் இரட்டைப்படைப் பக்கத்தின் முதல் பேனலில். போனில் படிக்க மட்டும் எழுதுகிறீர்கள் என்றால் இந்தக் கணக்கே மாறிவிடும், ஒவ்வொரு ஸ்வைப்பும் ஒரு திருப்பல். துரையின் 13, 14-ஆம் பக்கங்களை ஓவியருக்கு இப்படித்தான் எழுதிக் கொடுத்தேன் (பாபுவுக்குப் பிறகு துரை தன் கார்டிலும் அப்பா கையெழுத்தைப் போட்டுவிட்டான்; கடன் படிவக் காட்சிக்கு முன்னால் நடப்பது இது):

பக்கம் 13, கடைசி பேனல். தலைமை ஆசிரியர் அறை. மேசைமேல் துரையின் ரேங்க் கார்டு. அப்பா நைட் ஷிப்ட் போய்வந்த சட்டையோடு நிற்கிறார். துரை கதவோரம். தலைமை ஆசிரியர்: “இது உங்க கையெழுத்துதானா?”

பக்கம் 14, பேனல் 1. பாதிப் பக்கம். அப்பா முகம். கார்டைப் பார்க்கிறார். பேச்சு கிடையாது.
பேனல் 2. சின்னது. அப்பா: “ஆமா சார். என்னுதுதான்.”
பேனல் 3. துரை. நிம்மதி வேண்டாம், ஆச்சரியம் வேண்டும்.
பேனல் 4. சைக்கிளில் இருவரும், பின்னாலிருந்து. அப்பா: “என்னைவிட நல்லாப் போட்டிருக்கடா.”
பேனல் 5. அப்பாவின் சட்டைப் பாக்கெட் நெருக்கத்தில். மடித்த படிவம் ஒன்று எட்டிப்பார்க்கிறது.

அந்தப் படிவம் என்னவென்று 16-ஆம் பக்கத்தில்தான் தெரியும். ஓவியர் முதலில் பேனல் 3-ல் துரையைச் சிரிக்க வைத்துவிட்டார். அந்த ஒரு சிரிப்பால் பையன் கள்ளனாகிவிட்டான். மறுபடி வரைய வைத்தேன். அவருக்கு என்மேல் இன்னும் கோபம் இருக்கலாம்.

படி 9: பேச்சு பலூனைக் குறையுங்கள்

அந்தக்கால சூப்பர்மேன் ஆசிரியர் மார்ட் வைசிங்கர் ஒரு பேனலுக்கு 35 வார்த்தை என்று கணக்கு வைத்திருந்ததாக காமிக்ஸ் எழுத்தாளர் ஆலன் மூர் சொல்வதுண்டு. அது ஆங்கிலத்துக்கு. ‘போய்க்கொண்டிருந்தானாமே’ என்று ஒரே சொல் பலூனின் ஒரு வரியை விழுங்கும் நம் மொழிக்கு நான் 18-ஐத் தாண்டுவதில்லை. பேச்சுத் தமிழில் எழுதுங்கள், இடம் தானாக மிச்சமாகும். பையன்கள் பெரியவர்களிடம் பாதி வாக்கியம்தான் பேசுவார்கள். பின்னணிக் குரல் பெட்டிகளில் ‘அன்றுதான் எல்லாம் மாறியது’ வகை வரி இருந்தால் அடித்துவிடுங்கள்.

படி 10: எங்கே நிறுத்துவது

முகமூடியை மாட்டும் காட்சிக்கு வெகு முன்பே. மாக்ஸ் கடைசி இதழ் முடியும்போதும் மேக்னீட்டோ அல்ல. உயிர் பிழைத்த ஒரு இளைஞன். மிச்சம் வாசகனுக்குத் தெரியும் என்பதால்தான் வலிக்கிறது.

துரை கதைக்கு முதலில் நான் எழுதிய முடிவு: ராத்திரி தன் சொந்தக் கையெழுத்தைப் போட்டுப் பார்க்கிறான், ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வருகிறது. எழுதியபோது பெருமையாக இருந்தது. ஒரு வாரம் கழித்துப் படித்தால், எழுத்தாளன் மேடையேறி வணக்கம் சொல்கிற மாதிரி இருந்தது. கிழித்துப்போட்டேன்.

இப்போது இருப்பது இது. அப்பா கடன் கட்டவில்லை. ஜாமீன்தாரருக்கு நோட்டீஸ் வருகிறது. பெரியப்பா திண்ணையில் கண்ணாடி போட்டுக்கொண்டு, நோட்டீஸோடு வந்த நகலில் தன் கையெழுத்தைப் பார்க்கிறார். விரலால் அந்த இரண்டு புள்ளியைத் தொட்டுப் பார்க்கிறார். “என்னுதுதான். எப்ப போட்டேன்னுதான் ஞாபகம் வரமாட்டேங்குது.” துரை செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறான். “குடிங்க பெரியப்பா.” 22-ஆம் பக்கம், கடைசி பேனல்.